‘பொய்விசை’ என்னும் கலைச்சொல்லும் பழவேற்காட்டுக் கடலும்: சுழலும் குறிப்பாயம் பற்றிய தமிழ் எழுத்துகள் – ஒரு விமர்சனம்

ஆய்வுச் சுருக்கம்

சுழலும் குறிப்பாயத்தில் தோன்றும் மையவிலக்கு விசை, கொரியாலிஸ் விசை ஆகியவற்றைத் தமிழ் அறிவியல் எழுத்து ‘பொய்விசை’, ‘போலி விசை’, ‘கற்பனை விசை’ எனப் பலவாறு வழங்குகிறது. இவ்வழக்கின் பொருத்தத்தைப் பழவேற்காட்டு ஏரியையும் அதனையடுத்த வங்கக்கடலையும் களமாகக் கொண்டு இக்கட்டுரை மதிப்பிடுகிறது. இவ்விசைகளை இல்லாதனவாகக் கருதும் பிழையும், காணும் சுழிப்பிலெல்லாம் இவற்றைக் காணும் பிழையும் ஒரே சொல்லாட்சிக் குறையிலிருந்து பிறப்பவை என்பது கட்டுரையின் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: குறிப்பாயம், கொரியாலிஸ் விசை, கலைச்சொல்லாக்கம், பழவேற்காடு, புயல், நீரோட்டம், நெய்தல் வழக்காறு.

முன்னுரை

பழவேற்காடு தமிழாய்வுலகிற்குப் புதிய ஊரன்று. 1613இல் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டை, துணி வணிகம், பட்டினவர் ஊர்களில் இறால் பிடிக்கும் களங்களை முறைவைத்துப் பகிரும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு ஆகியவை வரலாற்றாய்வாளராலும் சமூகவியலாளராலும் பலமுறை பேசப்பட்டுள்ளன. இயற்பியல் நோக்கில் அவ்வூரின் தனிச்சிறப்பு வேறு. ஒரு மணல்திட்டின் மேற்கே, சராசரியாக இடுப்பளவு ஆழம்கூட இல்லாத உவர்நீர் ஏரி, கிழக்கே ஆழ்கடல், அத்திட்டின் வடபாகத்தில் ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம். நீர் ஓடுவதும், காற்று வளைவதும், ஏவுகலம் எழுவதும் அடுத்தடுத்து நிகழும் இடம் அது. சுழலும் பூமியின்மீது நின்றுகொண்டு இயக்கத்தை விவரிப்பது எத்தகையது என்னும் வினாவிற்கு இதனினும் ஏற்ற களம் தமிழ்நாட்டில் அரிது.

அவ்வினாவைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டவை பெரும்பாலும் மூன்று இடங்களில் கிடைக்கின்றன: தமிழ்வழி இயற்பியல், புவியியல் பாடநூல்கள், வெகுமக்கள் அறிவியல் கட்டுரைகள், மரபறிவு பற்றிய ஆய்வுக்கட்டுரைகள். முதல் வகை இவ்விசைகளைப் ‘பொய்’ என்கிறது. இரண்டாம் வகை இவற்றை வியப்புப் பொருளாக்குகிறது. மூன்றாம் வகை இவற்றை முன்னோர் அறிந்திருந்தனர் என உரிமை கோருகிறது. மூன்றும் ஒன்றையொன்று படித்ததற்கான தடயம் இல்லை.

‘பொய்’ என்னும் அடை

ஆங்கிலத்தில் இவ்விசைகளுக்கு வழங்கும் அடைமொழி இலத்தீன் வேரினது; அவ்வேர் களிமண்ணைப் பிசைந்து உருவாக்குதல் என்னும் பொருளுடையது. உருவாக்கப்பட்டது, புனையப்பட்டது என்பதே அதன் அடிப்பொருள். தமிழில் அது ‘பொய்’ ஆனபோது நிகழ்ந்த பொருள்மாற்றம் சிறிதன்று. தமிழில் ‘பொய்’ என்பது வாய்மைக்கு எதிர்ச்சொல் மட்டுமன்று. வரவேண்டியது வாராமையையும் அது குறிக்கும். ‘வானம் பொய்த்தது’ என்றால் மழை வரவில்லை என்று பொருள். எனவே ‘பொய்விசை’ எனக் கேட்கும் மாணவர், செயல்படாத விசை, இல்லாத விசை என்றே கொள்வார். அவர் அவ்வாறு கொள்வது மொழியறிவின் குறையால் அன்று, மொழியறிவு உள்ளதனாலேயே.

இயற்பியல் சொல்ல விரும்புவது யாது? இரு பொருள்கள் ஒன்றன்மேல் ஒன்று செலுத்தும் விசைக்கு நியூட்டனின் மூன்றாம் விதிப்படி எதிர்வினை உண்டு. கயிறு வலையை இழுத்தால் வலையும் கயிற்றை இழுக்கிறது. மையவிலக்கு விசைக்கும் கொரியாலிஸ் விசைக்கும் அத்தகைய இணை இல்லை. அவற்றைச் செலுத்தும் பொருள் என ஒன்றைச் சுட்ட இயலாது. நிலைமக் குறிப்பாயத்திலிருந்து நோக்குபவர் கணக்கில் அவை எழுவதே இல்லை. சுழலும் குறிப்பாயத்தில் நின்று நியூட்டனின் இரண்டாம் விதியை எழுத விரும்பினால் மட்டுமே அவற்றைச் சேர்க்க வேண்டும். இது மிகத் துல்லியமான கூற்று. ‘பொய்’ என்னும் ஒற்றைச்சொல் இக்கூற்றின் முதற்பாதியை மட்டும் உரத்துச் சொல்லி, பிற்பாதியை விழுங்கிவிடுகிறது.

விளைவுகளை நோக்கினால் இக்குறை தெளிவாகும். பூமியின் நடுக்கோட்டு ஆரம் துருவ ஆரத்தைவிட ஏறத்தாழ 21 கி.மீ. மிகுதி. சுழலும் பூமியில் நிற்பவர் இதனை மையவிலக்கு விசையால் விளக்குவார். வெளியே நிற்பவர், சுழலும் பொருளை வட்டப்பாதையில் வைத்திருக்க மையநோக்கு விசை தேவைப்படுவதால் நேர்ந்த உருமாற்றம் என்பார். விளக்கம் இரண்டு, உருமாற்றம் ஒன்று. கொத்தனாரின் தூக்குக்குண்டு காட்டும் செங்குத்தும், ஏரிநீர் காட்டும் மட்டமும் ஈர்ப்பும் மையவிலக்கும் கூடிய விளைவையே காட்டுகின்றன. பழவேற்காட்டு ஏரியின் மேற்பரப்பு கிடையாக நிற்கிறது என நாம் சொல்லும்போதே அந்தப் ‘பொய்’யைச் சேர்த்துத்தான் சொல்கிறோம்.

இன்னொரு தடை உண்டு. இவ்விசைகள் அனைத்தும் பொருளின் நிறைக்கு நேர்விகிதத்தில் அமைவன. ஈர்ப்பும் அவ்வாறே. இவ்வொற்றுமையை 1907இல் கருதுகோளாக எடுத்துக்கொண்ட ஐன்ஸ்டைன், பின்னர் ஈர்ப்பையே குறிப்பாயத்தைச் சார்ந்த தோற்றமாகக் காணும் கோட்பாட்டிற்குச் சென்றார். எதிர்வினைக்குரிய பொருளைத் தொட்டுக்காட்ட இயலாமையும், குறிப்பாயத்தை மாற்றினால் மறைவதும் பொய்யின் இலக்கணமாயின், தடையின்றி வீழும் கூண்டினுள் ஈர்ப்பும் பொய்யே. அந்த அளவிற்குச் செல்லத் துணியும் பாடநூல் எதுவும் இல்லை.

இலங்கைத் தமிழ்ப் பாடநூல் மரபு இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நிலைமம் அங்கே ‘சடத்துவம்’, மையநோக்கு விசை ‘மையநாட்ட விசை’, மையவிலக்கு ‘மையநீக்கம்’. ‘விலக்குதல்’ பிறவினை, விலக்குவோர் ஒருவர் வேண்டும். ‘மையவிலக்கு’ எனப் படிக்கும் மாணவர் மையம் பொருளைத் தள்ளுகிறது என எண்ணுவதற்கு அச்சொல்லே இடந்தருகிறது. ‘நீக்கம்’ என்பதில் மையத்தினின்று நீங்குதல் என்னும் தன்வினைப் பொருளுக்கும் இடமுண்டு. 1916இல் ராஜாஜி முதலியோர் சேலத்தில் கலைச்சொல்லாக்கத்திற்கெனச் சங்கம் கண்ட காலந்தொட்டு நடைபெறும் விவாதங்கள் வடசொல்லா தென்சொல்லா, பெயர்ப்பதா ஒலிபெயர்ப்பதா என்னும் அளவிலேயே பெரிதும் நின்றன. ஒரு சொல் கருத்தை எந்தப் பக்கம் சாய்க்கிறது என்னும் ஆய்வு அந்த விவாதங்களில் உரிய இடம் பெறவில்லை.

மாற்றுச்சொல்லாகப் ‘புனைவிசை’யை எண்ணலாம், வேர்ப்பொருளுக்கு அதுவே நெருக்கமானது. (மிதவையைக் குறிக்கும் ‘புணை’யோடு அது ஒலியில் மயங்கும் என்பது கடலோர ஊர் பற்றிய கட்டுரையில் சற்றே நகைப்பிற்குரிய இடர்.) ஆயினும் புனைவு என்பது இன்றைய வழக்கில் கதையையே நினைவூட்டும். ‘நிலைம விசை’ என்னும் சொல்லும் பொருந்தக்கூடியதே. விசை எங்கிருந்து கணக்கிற்குள் வருகிறது என்பதை நேரே சொல்லும் ‘குறிப்பாய விசை’ என்பதையே இக்கட்டுரை முன்மொழிகிறது. இனி அச்சொல்லையே ஆள்கிறது.

51 மணி நேரம் என்னும் அளவுகோல்

கொரியாலிஸ் 1835இல் தம் ஆய்வை எழுதியபோது புயலையோ நீரோட்டத்தையோ கருதவில்லை. சுழலும் உறுப்புகளையுடைய எந்திரங்களே அவர் பொருள். அவ்விசையைக் காற்றின் இயக்கத்திற்கு முறையாகப் பொருத்திக் காட்டியவருள் முதன்மையானவர் வில்லியம் ஃபெரல், ஆண்டு 1856. ‘பூமி சுழல்வதால் எல்லாம் வலப்புறம் விலகும்’ என்று தொடங்கும் வெகுமக்கள் கட்டுரைகள் இந்த இருபதாண்டு இடைவெளியைக் கண்டுகொள்வதில்லை. எந்திரத்தில் கண்ட விசை கடலில் எப்போது பொருட்டாகும், எப்போது ஆகாது என்னும் வினாவே அவ்விடைவெளியில் இருக்கிறது.

பழவேற்காடு ஏறத்தாழ 13.4 பாகை வட அகலாங்கில் உள்ளது. கிடைத்தளத்தில் இயங்கும் பொருளின்மீது கொரியாலிஸ் விசை உண்டாக்கும் முடுக்கம் அப்பொருளின் வேகத்தை நொடிக்கு 0.000034 என்னும் எண்ணால் பெருக்கக் கிடைப்பது. இவ்வெண் பூமியின் சுழற்சி வேகத்தின் இருமடங்கை அகலாங்கின் சைன் மதிப்பால் பெருக்கியதாகும். இதிலிருந்து ஒரு காலஅளவு பிறக்கிறது. வேறெந்த விசையும் இன்றி, தானே மிதந்து செல்லும் நீர்த்திரள் ஒன்று இவ்வகலாங்கில் வலஞ்சுழியாக ஒரு வட்டத்தை நிறைவுசெய்ய ஏறத்தாழ 51 மணி நேரம் ஆகும். நொடிக்கு 20 செ.மீ. வேகமாயின் அவ்வட்டத்தின் ஆரம் ஏறத்தாழ 6 கி.மீ.

51 மணி நேரம் என்பதை மனத்திற்கொண்டு ஏரிக்குள் நுழைவோம். முகத்துவாரத்தில் நீர் ஏறுவதும் வடிவதும் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை திசைமாறுகின்றன. வாயில் சில நூறு மீட்டர் அகலம். ஓட்டம் நொடிக்கு ஒரு மீட்டர் அளவினதாயின் நீர் அவ்விடத்தைச் சில நிமிடங்களில் கடந்துவிடும். அத்தனை குறுகிய நேரத்தில் பூமி திரும்பும் கோணம் மிகச் சிறிது. எனவே முகத்துவாரத்தில் நீர் சுழிப்பது கரையின் வடிவாலும் அடிமணலாலுமே. சுத்துவலைக்குக் கழி நடும் இடத்தை முடிவுசெய்வது இந்த ஓட்டமே. அதில் பூமியின் சுழற்சிக்கு எண்ணத்தக்க பங்கில்லை. தொட்டியில் நீர் வடியும்போது எழும் சுழியையே கொரியாலிஸ் விசைக்குச் சான்றாகக் காட்டும் கட்டுரைகள் இன்றும் வெளிவருகின்றன. ஒரு தொட்டி வடிய ஆகும் நேரத்தை 51 மணி நேரத்தோடு ஒப்பிட்டிருந்தால் அவை எழுதப்பட்டிருக்கா.

படகையும் எடுத்துக்கொள்ளலாம். ஆட்கள், வலை உட்பட 1,000 கிலோ நிறையுள்ள ஃபைபர் படகு நொடிக்கு 5 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன்மீதான கொரியாலிஸ் விசை 0.17 நியூட்டன், ஏறத்தாழ 17 கிராம் எடைக்குச் சமம், அதாவது ஓர் இறாலின் எடை. தடையற்ற வெளியில் இவ்விசை இரண்டு மணி நேரத்தில் படகை நான்கு கிலோமீட்டருக்குமேல் விலக்கிவிடும் என்று கணக்குப்போட்டு வியப்பது எளிது. படகு வெளியில் செல்லவில்லை. நீரைக் கிழித்துச் செல்கிறது. பக்கவாட்டில் அது நகர முயன்ற கணமே நீர் தடுக்கிறது. சுக்கான் பிடித்த கையும் இருக்கிறது. கணக்கு சரி, படகு தவறு.

கடல் இதற்கு மாறானது. அங்கே நாட்கணக்கில் நீடிக்கும் இயக்கங்களும் நூறு கிலோமீட்டர் அளவில் விரியும் இயக்கங்களும் உள்ளன. 51 மணி நேரம் அவற்றிற்குச் சிறிய அளவே. மணல்திட்டின் ஒருபுறம் கொரியாலிஸ் விசையைப் புறக்கணிக்கவும், மறுபுறம் அதனையன்றி எதையும் விளக்க இயலாமற்போகவும் காரணம் விசை மாறியதன்று. இயக்கத்தின் அளவு மாறியது.

இடஞ்சுழிப் புயல்

வட அரைக்கோளத்தில் விசை வலப்புறம் திருப்புகிறது; புயலோ இடஞ்சுழியாகச் சுழல்கிறது. இம்முரண்போன்ற தோற்றத்தைத் தமிழ்ப் புவியியல் நூல்கள் பலவும் சொல்லிவிட்டுக் கடந்துபோகின்றன, விளக்குவதில்லை. விளக்கம் கடினமன்று. மையத்தில் அழுத்தம் குறைவு. சுற்றியுள்ள காற்று மையத்தை நோக்கிப் பாய்கிறது. பாயும் காற்று ஒவ்வொன்றும் தன் வலப்புறம் ஒதுங்குகிறது. மையத்திற்கு நேரே வரவேண்டியது அதன் பக்கவாட்டில் தப்பிச் செல்கிறது. எல்லாத் திசையினின்றும் வந்த காற்று இவ்வாறு ஒதுங்கும்போது மையத்தைச் சுற்றி எழுவது இடஞ்சுழியே. வங்கக்கடற் புயல்களின் இச்சுழல் வடிவத்தை ஆராய்ந்த ஹென்றி பிடிங்டன் கல்கத்தாவில் இருந்துகொண்டே, பாம்பின் சுருளைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து புயலுக்குரிய இன்றைய ஆங்கிலப் பெயரை ஆக்கினார். 1848இல் வெளியான அவரது நூல் மாலுமிகளுக்கென எழுதப்பட்டது.

மற்றொரு பிழை, புயலுக்கு ஆற்றல் தருவது பூமியின் சுழற்சி என்பது. கொரியாலிஸ் விசை எப்போதும் இயக்கத்திற்குச் செங்குத்தாகவே அமைகிறது. ஆதலால் அது வேலை செய்வதில்லை. திருப்பும், விரைவுபடுத்தாது. புயலின் ஆற்றல் வெதுவெதுப்பான கடல்நீர் ஆவியாகிக் குளிர்ந்து மழையாகும்போது வெளிப்படும் வெப்பம். அகலாங்கு குறையக் குறையத் திருப்பும் விசை மெலிவதால், நடுக்கோட்டிலிருந்து ஐந்து பாகைக்குள் புயல் உருவாதல் அரிது.

இவையனைத்தும் வகுப்பறைச் செய்திகள். மீனவர் ஊருக்குத் தேவையானது இதிலிருந்து பிறக்கும் ஒரு விதி. டச்சு வானிலையாளர் பைஸ் பாலட் 1857இல் அதை வகுத்தார். நம் அரைக்கோளத்தில், காற்றை முகத்தில் ஏற்று நிற்பவருக்குப் புயலின் மையம் வலப்புறத்தில், சற்றே பின்னுக்கு இருக்கும். கிழக்கிலிருந்து புயல் நெருங்கும்போது பழவேற்காட்டில் முதலில் வீசுவது வாடை. மையம் ஊருக்குத் தெற்கே கரையைக் கடக்குமாயின் காற்று வாடையிலிருந்து கொண்டலுக்குத் திரும்பி, பின்னர் தென்கிழக்காகும். கடல்நீரைக் கரைமீதும் முகத்துவாரம் வழியே ஏரிக்குள்ளும் தள்ளும். வடக்கே செல்லுமாயின் வாடை மேற்காக மாறிக் கோடையாகும். நீரைக் கடலுக்குள் தள்ளும். காற்று திசைமாறாமல் வலுத்துக்கொண்டே போனால் மையம் ஊரை நோக்கியே வருகிறது. வாடை, கொண்டல், கோடை, தென்றல் என்னும் நான்கு பழஞ்சொற்கள் இவ்விதியைக் கூறப் போதுமானவை.

2022 டிசம்பர் 9 நள்ளிரவை ஒட்டி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியது. பழவேற்காடு அங்கிருந்து வடக்கே சுமார் 90 கி.மீ.; காற்று கடலிலிருந்து வந்த பக்கம் அது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னைக் கரைக்கு இணையாக வடக்கே நகர்ந்து 5ஆம் நாள் ஆந்திரத்தின் பாபட்லா அருகே கரையேறியது; அப்போது பழவேற்காடு புயலின் இடப்பக்கத்தில் இருந்தது. 2016 டிசம்பர் 12இன் வர்தாவும், 1984 நவம்பரில் ஸ்ரீஹரிகோட்டாவை ஒட்டிக் கரைகடந்த கடும்புயலும் இவ்வூர்களின் நினைவில் உள்ளவை. நாளிதழ்ச் செய்தி கரைகடக்கும் ஊரின் பெயரைத் தலைப்பாக்குகிறது. படிப்பவர் இடர் அவ்வூரிலேயே உச்சம் எனக் கொள்கிறார். கடல்மட்ட எழுச்சி மிகுவதோ கரைகடக்கும் இடத்தின் வலப்புறத்தில், நம் கரையில் வடபுறத்தில். இந்த வலம்–இட வேறுபாட்டை உண்டாக்குவது பாடநூல் ‘பொய்’ எனப் பெயரிட்ட அதே விசை. அச்சொல்லைப் படித்துத் தேர்வில் வென்ற மாணவர், தம் வீட்டின்முன் காற்று திரும்பும்போது அதை அடையாளம் காண்பாரா என்பதே இக்கட்டுரையின் கவலை.

தெண்டியும் வன்னியும்

சென்னைக் கரையோர மீனவர் வழக்கில் தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரோட்டம் ‘தெண்டி’. வடக்கிலிருந்து தெற்கே ஓடுவது ‘வன்னி’. மரபறிவுக் கட்டுரைகள் இச்சொற்களைத் தொகுத்து, காற்று தள்ளுவதால் நீர் ஓடுகிறது என்னும் ஒருவரி விளக்கத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. நிகழ்வு அதனினும் சுவையானது.

நான்சன் 1893–96 வடதுருவப் பயணத்தில், பனிப்பாளங்கள் காற்றின் திசையில் செல்லாமல் அதற்கு வலப்புறம் விலகிச் செல்வதைக் கண்டார். அதற்கான கோட்பாட்டை எக்மன் 1905இல் வெளியிட்டார். காற்று மேல்நீரை இழுக்கிறது. அது வலப்புறம் திரும்புகிறது. கீழுள்ள அடுக்கு இன்னும் சற்றுத் திரும்புகிறது. எல்லா அடுக்குகளையும் கூட்டினால் நீர் செல்லும் நிகரத் திசை காற்றிற்கு நேர் வலப்புறம். இதனை நம் கரையில் பொருத்தினால், தென்மேற்குப் பருவத்தில் கரையோரமாக வடக்குநோக்கி வீசும் காற்று மேல்நீரை வடக்கே மட்டுமன்றிக் கிழக்கே, ஆழ்கடல் நோக்கியும் ஒதுக்குகிறது. ஒதுங்கிய நீரின் இடத்தை அடியிலிருந்து குளிர்ந்த, சத்துமிக்க நீர் நிரப்புகிறது. கேரளக் கரையில் இது வலியது. நம் கரையில் மென்மையானது. வடகிழக்குப் பருவத்தில் எல்லாம் தலைகீழ். வாடை நீரைக் கரைமேல் குவிக்கிறது, கடல்மட்டம் உயர்கிறது.

கரையோர நீரோட்டம் உள்ளூர்க் காற்றின் விளைவு மட்டுமன்று. பிப்ரவரி முதல் பல மாதங்கள் வடக்குநோக்கியும், அக்டோபருக்குப்பின் தெற்குநோக்கியும் ஓடும் கிழக்குக்கரை நீரோட்டம், காற்று மாறுவதற்கு முன்னரே தன் வலுவின் உச்சத்தைத் தொடுகிறது. காரணம், நடுக்கோட்டுப் பகுதியில் எழும் கடல்மட்ட ஏற்றத்தாழ்வு கெல்வின் அலையாகச் சுமத்ரா, மியான்மர், வங்கதேசக் கரைகளைச் சுற்றி நம் கரைக்கு இறங்கி வருகிறது. இவ்வலை கரையை விட்டு அகல இயலாது. கரையைத் தன் வலப்புறத்தில் வைத்தே செல்லும். அதனைக் கரையோடு பிணைத்து வைப்பது கொரியாலிஸ் விசை. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொட்டும் நன்னீர் மழைக்காலத்திற்குப்பின் கரையை ஒட்டிய குறுகிய பட்டையாகத் தெற்கே வருவதிலும் அப்பிணைப்பின் பங்கு உண்டு. வன்னி ஓடும் நாளில் பழவேற்காட்டுப் படகின் அடியில் செல்லும் நீரில் வங்கத்து ஆறுகள் கலந்திருக்கலாம்.

கடலோரத்தில் காண்பதையெல்லாம் இவ்விசையின் கணக்கில் எழுதுவதும் கூடாது. முகத்துவாரம் தூர்வது பெரிதும் மணல் நகர்வால். மணலை நகர்த்துவது கரையில் சாய்ந்து வந்து உடையும் அலைகள். தென்மேற்குப் பருவத்தில் வடக்கே, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே, ஆண்டின் நிகரம் வடக்கே. கரையினின்று கடலுக்குள் நீளும் தடுப்புச்சுவர் அம்மணலை மறித்தால் சுவரின் தென்புறம் மணல் சேரும், வடபுறம் அரிக்கும். இதில் கொரியாலிஸ் விசைக்கு நேரடிப் பங்கில்லை. கரையரிப்பைப் பூமியின் சுழற்சிமேல் ஏற்றி எழுதுவது அறிவியற் பிழை என்பதோடு, மனிதர் கட்டியவற்றைப் பொறுப்பிலிருந்து விடுவிப்பதுமாகும். வாழ்வாதாரம் குறித்த வழக்குகளிலும் மனுக்களிலும் எந்த விசைக்கு எந்த விளைவு என்பது சொல்லாராய்ச்சி அளவில் நிற்கும் வினா அன்று.

ஏவுதளத்தின் கணக்கு

ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து முதல் ஆய்வு ஏவூர்தி 1971 அக்டோபரில் ஏவப்பட்டது. கிழக்குக் கரையில், நடுக்கோட்டிற்கு அணித்தாக, கிழக்கே திறந்த கடல் உள்ள இடம் என்பதே தேர்விற்குக் காரணம். அத்தீவில் வாழ்ந்த ஏனாதியர் இடம்பெயர்ந்ததும், ஏவும் நாட்களில் மீனவர் கடற்பகுதியை விட்டு விலகி நிற்பதும் அத்தேர்வின் உடன்விளைவுகள்.

அவ்வகலாங்கில் நிலம் கிழக்குநோக்கி நொடிக்கு ஏறத்தாழ 452 மீட்டர் வேகத்தில் செல்கிறது. தாழ்ந்த சுற்றுப்பாதைக்கு வேண்டிய நொடிக்கு 7.8 கி.மீ. வேகத்தில் இது ஆறு விழுக்காட்டளவு. நிலைமக் குறிப்பாயத்தில் கணக்கிடும் பொறியாளருக்கு ஏவுகலம் தளத்தில் நிற்கும்போதே இவ்வேகத்தோடு நிற்கிறது. ஏரிக்கரையில் நின்று பார்ப்பவருக்கு அது அசைவற்று நிற்கிறது. எழுந்து கிழக்கே விரையும்போது அதன்மீது கொரியாலிஸ் விசையின் ஒரு கூறு மேல்நோக்கிச் செயல்பட்டு எடையைக் குறைக்கிறது. மையவிலக்கு விசையும் துணைசெய்கிறது. இரு கணக்கிலும் மிச்சப்படும் எரிபொருள் ஒன்றே. எரிபொருளை மிச்சப்படுத்துவதைப் பொய் என்று கூறுவது இடர்ப்பாடான வழக்கு. துருவச் சுற்றுப்பாதைக்குச் செல்லும் கலத்திற்கு இந்த ஊதியம் இல்லை. இலங்கையைத் தவிர்க்க வளைந்தும் செல்ல வேண்டும். 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினத்தில் அடிக்கல் நாட்டப்பட்ட தளம் சிறிய கலங்களை நேரே தெற்கே அனுப்புவதற்கானது.

இரு உரிமைகோரல்கள்

மரபறிவுக் கட்டுரைகளின் கூற்றிற்கு வருவோம். காற்றின் திசைமாற்றத்தையும் நீரோட்டத்தின் பருவத்தையும் நெய்தல் மக்கள் அறிந்திருந்தனர். ஆகவே கொரியாலிஸ் விசையை அறிந்திருந்தனர் என்பது அவற்றின் வாதம். புறநானூற்றின் 66ஆம் பாடலில் வெண்ணிக்குயத்தியார் கரிகாலனின் முன்னோர் காற்றை ஆண்டு கலம் செலுத்தியதைப் பாடுவதும் சான்றாக இழுக்கப்படுகிறது. மீண்டும் மீண்டும் நிகழும் ஒழுங்கை அறிதல் வேறு; அதற்கு விசையொன்றைக் கருதி, அதன் அளவை வேகத்தோடும் அகலாங்கோடும் தொடர்புபடுத்துதல் வேறு. முன்னதற்குப் பின்னது தேவையில்லை. பைஸ் பாலட் விதியைப் பயன்படுத்தும் மாலுமிக்கும் விசையின் சமன்பாடு தேவையில்லை. தெண்டி, வன்னி என்னும் சொற்களின் மதிப்பு அவை ஐரோப்பியரை முந்தின என்பதில் இல்லை. நீரோடு மிதந்துசெல்லும் வலையில் இருப்பவருக்கு நீரோட்டம் தெரியாது. கரையின் இரு அடையாளங்களை நேர்ப்படுத்திப் பார்த்தால்தான் தெரியும். தாம் இருக்கும் குறிப்பாயத்தைத் தாமே தேர்ந்து, வேண்டும்போது மாற்றிக்கொள்ளும் இத்திறமே ஆய்விற்குரிய பொருள். முந்துரிமைப் போட்டியில் அது காணாமற்போகிறது.

இரண்டாம் உரிமைகோரல் இலக்கியத் திறனாய்வினுடையது. ‘குறிப்பாயம்’ என்னும் சொல் அண்மைக்காலத்தில் திறனாய்வுக் கட்டுரைகளிலும் நுழைந்து, ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பாயம், எல்லாம் சமம் என்னும் பொருளில் ஆளப்படுகிறது. இயற்பியல் அவ்வாறு சொல்லவில்லை. ஒன்றற்கொன்று சீராக நகரும் நிலைமக் குறிப்பாயங்கள் மட்டுமே சமம். சுழலும் குறிப்பாயம் அவற்றிலிருந்து வேறுபட்டது என்பதை, வெளியே எட்டிப் பாராமல் உள்ளிருந்தே கண்டறியலாம். 1851இல் பாரிசில் ஃபூக்கோ தம் ஊசலால் காட்டியது அதுவே. பழவேற்காட்டில் அத்தகைய ஊசலைத் தொங்கவிட்டால் அதன் தளம் முழுச்சுற்று வர நான்கு நாளுக்குமேல் ஆகும். மேகம் மூடி, விண்மீன் ஒன்றும் தெரியாத இரவிலும் அது திரும்பும். கரையில் நிற்பவர் தம் கண்ணோட்டத்தை உலகிற்கெல்லாம் பொதுவெனக் கொள்ளலாம், ஊசல் உடன்படாது. குறிப்பாய விசைகள் என்பவை அவ்வுடன்பாடின்மையின் அளவுகளே. ‘பொய்’ என்னும் பெயர் இந்த நுட்பத்தை இயற்பியல் வகுப்பிலும் மறைக்கிறது. திறனாய்வு அரங்கிலும் மறைக்கிறது.

பாடநூல் வரையறைக்கு இக்கட்டுரை முன்வைக்கும் மாற்றுவடிவம் வருமாறு: ‘சுழலும் குறிப்பாயத்தில் நின்று இயக்கத்தை விவரிக்கும்போது, பொருள்களிடையே செயல்படும் விசைகளோடு சேர்த்துக் கணக்கிட வேண்டியவை குறிப்பாய விசைகள். இவற்றைச் செலுத்தும் பொருள் இல்லை, எதிர்வினையும் இல்லை. நிலைமக் குறிப்பாயத்திற்கு மாறினால் இவை மறையும். இவற்றால் விளக்கப்பட்ட விளைவுகள் மறையா.’ இதன்கீழ்ப் பயிற்சியாக, வாடை கொண்டலாகத் திரும்பும் இரவில் புயலின் மையம் ஊருக்கு எப்பக்கம் என்னும் வினாவை வைக்கலாம். கடலோரப் பள்ளிகளில் அவ்வினாவிற்கு விடையெழுதுவோர் பலரின் தந்தையர் அன்றிரவு படகைக் கரையேற்றிக்கொண்டிருப்பர்.